குடிபோகும் முன் பாய்லரையும் வெந்நீர் வசதியையும் சோதித்துப் பார்ப்பது எப்படி?

வீடு பார்க்கப் போகிறவர்களில் பலர் வெந்நீர்க் குழாயைத் திறந்து, விரலை நீட்டிப் பார்த்து, சூடு தெரிந்ததும் திருப்தியடைந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சில நொடிச் சோதனையிலிருந்து தெரிவது, அந்த நேரத்தில் ஒரு குழாயில் வெந்நீர் வந்தது என்பது மட்டுமே. காலையில் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் சமையலறைக் குழாயைத் திறந்தால் என்ன ஆகும், உறைபனிக் காலத்தில் எல்லா அறைகளும் சூடாகுமா, அடுத்த ஆண்டே புது பாய்லர் வாங்க நேருமா என்பவற்றுக்கு அதில் விடை கிடையாது. ஒரே பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும் மைய வெப்பமூட்டல் உள்ள வீட்டில் முதன்முறையாகக் குடியேறுபவர்கள், வாடகைக்கு எடுத்தாலும் சொந்தமாக வாங்கினாலும், கையெழுத்துப் போடும் முன் எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன். இதில் சொல்லியிருப்பவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் யாரும் செய்யலாம். பாய்லரின் மூடியைக் கழற்றுவது மட்டும் உரிமம் பெற்ற பணியாளரின் வேலை. அதில் கை வைக்க வேண்டாம்.

போவதற்கு முன்

வீட்டைக் காட்டுபவரிடம், நீங்கள் வரும்வரை ஹீட்டிங்கையும் வெந்நீரையும் போடாமல் வைத்திருக்குமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது சிறிய வேண்டுகோள்தான் என்றாலும் முழுச் சோதனையும் இதை நம்பித்தான் இருக்கிறது. முன்பே சூடாகியிருக்கும் அமைப்பில் பல குறைகள் மறைந்துவிடும். குளிர்ந்த நிலையிலிருந்து அது எப்படிச் சூடேறுகிறது என்பதில்தான் அதன் உண்மை நிலை தெரியும். உள்ளே நுழைந்ததும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். கேட்டுக்கொண்ட பிறகும் அது சூடாக இருந்தால், காரணத்தைக் கேட்பதில் தவறில்லை.

கையோடு ஒரு டார்ச், 2 லிட்டர் அளவுக் குவளை, சமையலறை வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நேரம் பார்க்கக் கைப்பேசி போதும். முழுச் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த வகை அமைப்பு என்று அறிதல்

வீட்டில் பெரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். துணி அலமாரி, படிக்கட்டின் அடி, மச்சு ஆகியவையே அது வழக்கமாக இருக்கும் இடங்கள். தொட்டி எங்குமே இல்லாமல், சுவரில் பெட்டி போன்ற பாய்லர் ஒன்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் காம்பி பாய்லராக இருக்கும். குழாயைத் திறக்கும்போதுதான் அது தண்ணீரைச் சூடாக்குகிறது என்பதால் வெந்நீர் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தர முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. தொட்டி உள்ள அமைப்பில் இது தலைகீழ். தொட்டியில் சூடு இருக்கும்வரை இரண்டு மூன்று குழாய்களுக்கு ஒரே நேரத்தில் தாராளமாகக் கிடைக்கும். தீர்ந்துவிட்டால் மறுபடி சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாய்லரே இல்லாமல், தொட்டிக்குள் மின்சாரக் கம்பிச்சுருள் மட்டும் உள்ள வீடுகளும் உண்டு. அங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 150 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8.7 யூனிட் மின்சாரம் தேவை. 3 கிலோவாட் சுருளுக்கு இது மூன்று மணி நேர வேலை. அதாவது, காலையில் தொட்டி காலியானால் நண்பகல்வரை நிரம்பச் சூடாகாது. மின்கட்டணம் இரவில் குறையும் திட்டத்தில் அந்த வீடு இருக்கிறதா என்று கேட்பதும் இங்கேதான் பொருந்தும்.

இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே குளியலறையும் இரண்டு மூன்று பேரும் உள்ள வீட்டுக்குக் காம்பி வசதியானது. இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டிய குடும்பத்துக்கு, போதிய அளவுள்ள தொட்டி இருக்கும் வீட்டையே நான் பரிந்துரைப்பேன்.

இயக்கும் முன் பார்க்க வேண்டிய பாதுகாப்பு அறிகுறிகள்

பாய்லரைப் போடச் சொல்வதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கேஸ், எண்ணெய், விறகு என எது எரிந்தாலும் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கி உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே பாய்லரின் உறையிலோ அருகிலுள்ள சுவரிலோ கரி படிந்த கறுப்பு அல்லது பழுப்புக் கறை தெரிந்தாலும், தீச்சுடர் கண்ணில் படும் பழைய சாதனத்தில் அது நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தள்ளாடினாலும், அதை இயக்க விடாதீர்கள். சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்றவர் பார்த்துச் சான்று தந்த பிறகு மேலே பேசலாம்.

பிறகு வெளியே போய்ப் புகைக்குழாயின் வாயைப் பாருங்கள். அது செடிகொடிகளால் அடைபட்டிருக்கக் கூடாது. திறக்கக்கூடிய ஜன்னலுக்கு ஒட்டினாற்போலவும் இருக்கக் கூடாது. புதிய வகைப் பாய்லர்களின் வாயிலிருந்து குளிர்நாளில் வெள்ளையாக ஆவி வருவது இயல்புதான், கவலைப்பட வேண்டாம். அந்த வகையில், குளிர்ந்து நீராகும் ஆவியை வெளியேற்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அது வீட்டுக்கு வெளியே நீண்ட தூரம் உறையின்றி ஓடினால், கடுங்குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்து பாய்லர் தானாக நின்றுவிடும். சரிசெய்வதற்கு எளிய குறைதான். இருந்தாலும் தெரியாமல் குடியேறினால், ஹீட்டிங் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது காலை வாரும்.

பாய்லர் இருக்கும் அறையில் சுவர்த் துளைகளோ காற்றுப் பலகணிகளோ இருந்தால், குளிர்காற்று வருகிறதென்று யாராவது அவற்றைத் துணியாலோ டேப்பாலோ அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறதா, அதில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி ஒலி கேட்டதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒலி மின்கலமும் ஒலிப்பானும் வேலை செய்வதைத்தான் காட்டும், வாயுவை உணரும் பகுதி தேய்ந்துவிட்டதா என்பதைக் காட்டாது. தேதியைப் பார்ப்பது அதற்காகத்தான்.

வயதும் ஆவணங்களும்

பாய்லரின் அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள தகட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரும் வரிசை எண்ணும் கிடைத்தால், அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்று தயாரித்த நிறுவனத்திடமே கேட்டுவிடலாம். பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள்வரை ஒரு பாய்லர் நன்றாக உழைக்கும். என்றாலும் ஆண்டுதோறும் சர்வீஸ் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கும் 12 வயதுப் பாய்லரை, ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத 6 வயதுப் பாய்லரைவிட நம்பலாம் என்பது என் எண்ணம். உத்தரவாதக் காலம் மீதி இருப்பதாகச் சொன்னால், ஆண்டு சர்வீஸ் தவறாமல் நடந்திருந்தால் மட்டுமே செல்லும் என்று அதில் நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பொருத்தியபோது கொடுத்த சான்றிதழ், கடைசி சர்வீஸ் சீட்டு, பயன்பாட்டுக் கையேடு ஆகிய மூன்றையும் கேளுங்கள். "எங்கேயோ இருக்கும், பிறகு தருகிறேன்" என்ற பதிலை "இல்லை" என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

குளிரிலிருந்து சூடாகும்வரை

இப்போது ஹீட்டிங்கைப் போடலாம். அதற்கு முன் பாய்லரின் முகப்பில் உள்ள அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். ரேடியேட்டர்களுக்குள் ஒரே தண்ணீர் அடைபட்டுச் சுற்றிவரும் மூடிய சுற்று அமைப்பில், குளிர்ந்த நிலையில் அது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை காட்ட வேண்டும். மச்சில் சிறிய நிரப்புத் தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்புகளில் இப்படிப்பட்ட மானி இருக்காது. அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

முள் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், எங்கோ தண்ணீர் கசிகிறது அல்லது நெடுநாளாக யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். இதற்குத் துணைச் சாட்சியாக இன்னொன்றையும் பாருங்கள்: பாய்லரின் கீழே, கம்பிப் பின்னல் போர்த்திய வளையும் குழாய் ஒன்று இரண்டு சிறு வால்வுகளுக்கு இடையே பொருத்தப்பட்டிருக்கலாம். அது சுற்றுக்குள் தண்ணீர் நிரப்புவதற்கானது. வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதே முறை. நிரந்தரமாக மாட்டியே இருந்து, அதன் திருகுகள் அடிக்கடி திருப்பிப் பளபளத்துப் போயிருந்தால், இந்த வீட்டில் வாரம் தவறாமல் தண்ணீர் நிரப்புகிறார்களோ என்று சந்தேகப்படலாம். புதுத் தண்ணீர் உள்ளே போகப்போக அதிலுள்ள ஆக்சிஜனும் கூடவே போய் ரேடியேட்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

அமைப்பு சூடேறும்போது தண்ணீர் விரிவதால் முள் சற்று மேலே ஏறும். 2 பார் வரை போனால் கவலையில்லை. கால் மணி நேரத்தில் 3 பாரை நெருங்கினால், அந்த விரிவை வாங்கிக்கொள்ள வேண்டிய விரிவுக் கலம் காற்றிழந்துவிட்டது எனலாம். வழக்கமாக 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விடும். ஆகவே வெளிச்சுவரிலிருந்து கீழ்நோக்கி வளைந்து நிற்கும் செம்புக் குழாயின் முனையைப் பாருங்கள். அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தாலோ, சுவரில் வெள்ளைத் தடம் இறங்கியிருந்தாலோ, உள்ளே முள் என்ன காட்டினாலும் அந்த வால்வு திறந்திருக்கிறது அல்லது சரியாக மூடவில்லை என்று பொருள்.

ஒலியையும் கவனியுங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பானது. கொதிக்கும் கெண்டியைப் போல உறுமலும் சீழ்க்கையும் வந்தால், தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றிக்குள் சுண்ணாம்பு அல்லது சேறு படிந்திருக்கக்கூடும். கடின நீர் வரும் பகுதிகளில் இது சாதாரணம். குழாய் முனைகளிலும் ஷவர் தலையிலும் வெண்படிவு கெட்டியாக ஒட்டியிருந்தால், பாய்லருக்குள்ளும் அதேதான் நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அரைமணி நேரம் கழித்து ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலும் கீழும் தொட்டுப் பாருங்கள். எல்லா வால்வுகளும் திறந்திருப்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மேல்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஒரு சிறு சாவியால் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும். கீழ்ப்பகுதியின் நடுவில் குளிர்ச்சி தெரிந்தால் அங்கே கறுப்புத் துருச்சேறு படிந்திருக்கிறது. முழுச் சுற்றையும் கழுவ வேண்டியிருக்கும், செலவும் நேரமும் பிடிக்கும். ஒன்றிரண்டு ரேடியேட்டர்கள் முழுவதும் குளிர்ந்திருந்தால் வால்வு இறுகியிருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பங்கீடு சரியில்லாமல் இருக்கலாம். சேறு தெரிகிற வீட்டில், பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் துருச்சேற்றை ஈர்த்துப் பிடிக்கும் காந்த வடிகட்டி பொருத்தியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வெந்நீர்ச் சோதனை

ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, பாய்லரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாயை வெந்நீர்ப் பக்கம் முழுவதும் திறந்து, சூடு வரும்வரை நேரம் பாருங்கள். அரை நிமிடம் ஆனால் பெரிய குறையில்லை. 15 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 லிட்டர் தண்ணீர் நிற்கும்; 10 மீட்டருக்கு ஒன்றரை லிட்டர்தான். 22 மில்லிமீட்டர் குழாயாக இருந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் அத்தனை தண்ணீரும் வீணாகப் போகும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

சூடு நிலைத்ததும் அளவுக் குவளையைக் குழாயின் கீழ் பிடியுங்கள். 2 லிட்டர் நிரம்ப 12 நொடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 20 நொடி ஆனால் 6 லிட்டர்தான். காம்பியில் இந்த எண்ணை அதன் திறனோடு ஒப்பிடலாம். 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கும்போது 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டரும், 30 கிலோவாட் பாய்லர் சுமார் 12 லிட்டரும் தரும். கோடையில் உள்ளே வரும் நீரே வெதுவெதுப்பாக இருப்பதால் இதைவிட அதிகம் கிடைக்கும். எனவே வீட்டைக் கோடையில் பார்க்கிறீர்கள் என்றால், கிடைத்த அளவில் கொஞ்சம் கழித்தே கணக்கிடுங்கள்.

அடுத்ததுதான் மிகப் பயனுள்ள சோதனை. ஷவரைக் குளிக்கும் சூட்டில் ஓடவிட்டு அதன் கீழ் கையை வைத்துக்கொண்டு, உடன் வந்தவரைச் சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஷவரின் வேகம் எவ்வளவு குறைகிறது, சூடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கழிவறைத் தண்ணீரையும் ஒருமுறை இழுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் காலை ஏழரை மணிக்கு என்னென்ன குழாய்கள் ஒன்றாகத் திறந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்து, அதே கூட்டத்தை அங்கே உருவாக்கிப் பாருங்கள். வீடு காட்டுபவருக்கு இது விநோதமாகத் தோன்றலாம், பரவாயில்லை.

காம்பி பாய்லர்களில் தேயக்கூடிய ஒரு பாகம் உண்டு. சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் திசைமாற்று வால்வு அது. ஹீட்டிங் அணைந்திருக்க, வெந்நீர் மட்டும் ஓடும்போது ரேடியேட்டருக்குப் போகும் குழாய் மெல்லச் சூடானால், அந்த வால்வு முழுவதும் மூடவில்லை என்று பொருள். இதனால் குழாயில் வரும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சூடான ரேடியேட்டர் ஆறிக்கொண்டிருப்பதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, இந்தச் சோதனையை மட்டும் ஹீட்டிங்கைப் போடுவதற்கு முன்பே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

தொட்டி இருந்தால்

தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் கொள்ளளவு எழுதியிருக்கும். 60 டிகிரியில் உள்ள 150 லிட்டர் வெந்நீரை 10 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், 40 டிகிரியில் குளிக்க ஏறத்தாழ 250 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் ஷவரில் ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் 80 லிட்டர். மூவருக்குச் சரியாகப் போகும், நாலாமவர் குளிர்ந்த நீரில்தான். நடைமுறையில் கடைசிப் பகுதி வெதுவெதுப்பாகவே வரும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைச் சுற்றிக் கெட்டியான காப்புறை இருக்கிறதா, இணைப்புகளில் பச்சைப் படிவோ துருவோ தெரிகிறதா, அடித்தரை ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஃகுத் தொட்டி என்றால், துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காக்கும் மக்னீசியக் கம்பி உள்ளே இருக்கக்கூடும். அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். குளிர்ந்த நீருக்காக மச்சில் தனித்தொட்டி இருந்தால் அதற்கு மூடி இருப்பது அவசியம்.

தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருப்பது நல்லது. லெஜியனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய நீரில் பெருகும். 60 டிகிரியில் அழியும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க யாராவது 45 டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தால் அது தவறான சிக்கனம். அதே நேரம், 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளோ முதியவர்களோ வீட்டில் இருந்தால், குளியலறைக் குழாயில் குளிர்ந்த நீரைத் தானாகக் கலந்து சூட்டைக் குறைக்கும் வெப்பக் கலப்பு வால்வு இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

பேசி முடிப்பது

கண்ட குறைகளைப் படங்களோடு எழுத்தில் அனுப்புங்கள். வாடகை வீடு என்றால், எதை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பாய்லர் பழுதடைந்தால் யாரை அழைப்பது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் வீடு என்றால், பொதுவான கட்டடச் சோதனை அறிக்கை பாய்லரை இயக்கிப் பார்த்துத்தான் எழுதப்பட்டதா, பார்வையிட்டு மட்டும் எழுதப்பட்டதா என்று படித்துப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் தனியாக ஒரு பணியாளரை வரவழைத்துச் சோதிக்கச் சொல்வதற்கு ஆகும் செலவு, புது பாய்லரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அவர் தரும் மதிப்பீட்டைக் காட்டி வீட்டின் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சாவி வாங்கும் நாளில்

மீட்டர்களின் எண்களைப் படமெடுங்கள். தண்ணீரின் முதன்மை வால்வு, கேஸின் முதன்மை வால்வு, பாய்லரின் மின்சுவிட்ச் ஆகிய மூன்றும் எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். கேஸ் வால்வின் கைப்பிடி பொதுவாகக் குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ஜன்னல்களைத் திறந்து, வால்வை மூடி, வெளியே போன பிறகுதான் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வீடு சில வாரங்களாகப் பூட்டிக் கிடந்திருந்தால், தொட்டியை முதலில் 60 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடங்கள் ஓடவிட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். ஷவர் தலையைக் கழற்றி ஒரு வாளிக்குள் வைத்து ஓடவிட்டால் நீர்த்துளிகள் காற்றில் பரவாது. லெஜியனெல்லா நுரையீரலுக்குள் போவது அந்தத் துளிகள் வழியாகத்தான். பிறகு டைமரை உங்கள் குடும்பம் எழும் நேரத்துக்கு மாற்றுங்கள். முன்பு இருந்தவர்களின் நேரம்தான் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஆவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் புதிய வகைப் பாய்லர், ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் சிக்கனமாக எரியும். காம்பியில் ரேடியேட்டர்களுக்குப் போகும் நீரின் சூட்டை 80 டிகிரியில் வைத்திருந்தால், 60 டிகிரிக்கு இறக்கி ஒரு வாரம் பார்த்து, அறைகள் போதிய அளவு சூடாகின்றனவா என்று முடிவெடுங்கள். தொட்டியைச் சூடாக்கும் பாய்லரில் இதை அவ்வளவு இறக்க முடியாது. தொட்டி 60 டிகிரியைத் தொட வேண்டுமென்றால் பாய்லரிலிருந்து போகும் நீர் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருந்தாக வேண்டும்.